கணிப்பொறியில் இரு ஒலிக்கருவிகளும் அவற்றின் எண் மாற்றமும்

ஆந்திர மாநிலத்தின் தென்மேற்கு மூலையிலுள்ள குப்பம், தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒருங்கே வழங்கும் எல்லைப் பகுதியாகும். 1997-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற திராவிடப் பல்கலைக்கழகம் இங்கேதான் உள்ளது. இத்தகைய வட்டாரங்களில் முதியோரின் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்யும் களப்பணியாளர், மடிக்கணினியின் உள்ளே அமைந்த ஒலிவாங்கியைப் பெரிதும் நம்புவதில்லை; அது விசிறியின் இரைச்சலையும் சேர்த்தே வாங்கும். ஆகவே யு.எஸ்.பி. வழியாகத் தனி ஒலிவாங்கி ஒன்றை இணைக்கின்றனர். நேற்றுச் செம்மையாக இயங்கிய இவ்வமைப்பு, இன்று கணிப்பொறியைத் தொடங்கியதும் எச்சரிக்கையேதுமின்றி உள் ஒலிவாங்கிக்கு மாறிவிடக்கூடும். பதிவு நடப்பதாகவே திரையில் தோன்றும். பிழை மாலையில்தான் தெரியும். எண்பது வயது மூதாட்டியை மீண்டும் பாடச் சொல்வது எளிதன்று.

இதன் காரணம் யாது? லினக்ஸ் இயக்க அமைப்பில் ஒலிக்கருவிகளை ஆல்சா என்னும் பகுதி ஆள்கின்றது. அது கருவிகளுக்கு 0, 1, 2 என எண் வழங்கும். வகுப்பறைக்குள் முதலில் நுழைந்த மாணவனுக்கு முதல் எண் என்று ஆசிரியர் விதித்தால் எண்கள் நாள்தோறும் மாறுமன்றோ? இங்கும் அவ்வாறே. தொடக்கத்தின்போது பல கருவிகள் ஒரே சமயத்தில் ஆராயப்படுகின்றன. முந்திப் பதிவாவது முந்திய எண்ணைப் பெறும். ‘1-ஆம் கருவியிலிருந்து பதிவு செய்க’ என்று கட்டளை பெற்ற நிரல், அவ்வெண்ணில் இன்று எது உள்ளதோ அதையே கேட்கும்.

கணிப்பொறி முற்றும் தொடங்கிய பின்னர் ஒலிவாங்கியைச் செருகுவது எளிய வழி. எனினும் அவசரத்தில் இது மறந்துபோகும். இயக்கிகளுக்கான அமைப்புக் கோப்பில் யு.எஸ்.பி. ஒலி இயக்கிக்கு -2 என்னும் எண்ணைக் குறிப்பது அதனினும் உறுதியானது. இவ்வெண் பலரையும் மருளச் செய்வது. எதிர்மறை எண்ணை ஆல்சா, அனுமதிக்கப்பட்ட இடங்களின் இரும வரிசையாகக் கொள்ளும். -2 இன் இரும வடிவில் கடைசி இலக்கம் மட்டும் 0; ஏனையவை 1. எனவே 0-ஆம் இடம் மறுக்கப்பட்டு, மற்றவை திறந்திருக்கும்.

எண்ணை விடுத்து, ஆல்சா தரும் பெயரால் கருவியைச் சுட்டுவது இன்னும் நன்று. ஆயினும் ஒரே வகை ஒலிவாங்கிகள் இரண்டைச் செருகினால், பெயரின் ஈற்றில் சேரும் அடையாளம் மீண்டும் வரிசையையே பொறுத்தது. அந்நிலையில் எந்தத் துளையில் எது செருகப்பட்டது என்பதைக் கொண்டே அவற்றைப் பிரித்தறிதல் வேண்டும்.