ரயில்வே கேட்டில் தொடங்கிய வரலாற்றுப் பாடம்

முதலியார்பேட்டையில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். என் மாணவர்கள் பலர் கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. ஆலை அருகிலுள்ள ரயில்வே கேட்டைக் கடந்தே பள்ளிக்கு வருகிறார்கள். கேட் மூடியிருந்ததால் தாமதமாக வந்த மாணவி ஒருநாள் கேட்டாள்: "டீச்சர், நம்ம ஊரை பிரெஞ்சுக்காரங்கதானே ஆண்டாங்க? இந்த ரயிலையும் அவங்கதான் விட்டாங்களா?"

யோசிக்காமல் "ஆமாம்" என்றுவிட்டேன். மாலையில் படித்துப் பார்த்தபோது தவறு புரிந்தது. மறுநாள், "நேற்று நான் சொன்னது சரியில்லை" என்று சொல்லியே பாடத்தைத் தொடங்கினேன்.

கரும்பலகையில் மூன்று கேள்விகள் எழுதினேன்: நிலம் யாருடையது? பாதை யாருடையது? வண்டியை ஓட்டியது யார்?

விழுப்புரம்–புதுச்சேரி மீட்டர்கேஜ் பாதை 1879இல் திறக்கப்பட்டது. புதுச்சேரிப் பகுதியில் நிலம் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டது. பாதை, லண்டனைச் சேர்ந்த பாண்டிச்சேரி ரயில்வே கம்பெனியுடையது. வண்டியை ஓட்டியதோ தென்னிந்திய ரயில்வே கம்பெனி. ஒரே பாதைக்கு மூன்று விடைகள் கிடைத்ததும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

"ஓட்டின கம்பெனி எங்கிருந்து வந்துச்சு, டீச்சர்?" என்றான் ஒரு மாணவன். அதற்கு நம் ஊரைவிட்டு வெளியே போக வேண்டியிருந்தது. 1862இல் தொடங்கிய இந்தியன் டிராம்வே கம்பெனி, 1865இல் அரக்கோணம்–காஞ்சிபுரம் பாதையைத் திறந்தது. பிறகு கர்நாடிக் ரயில்வே என்று பெயர் மாறியது. நாகப்பட்டினம்–திருச்சிராப்பள்ளி பாதையை அமைத்த கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா கம்பெனியுடன் அது இணைந்து, 1874இல் தென்னிந்திய ரயில்வே உருவானது. கர்நாடிக் கம்பெனியின் ஆயுள் பழைய பெயரையும் சேர்த்தே சுமார் 12 ஆண்டுகள்தான். கம்பெனி மறைந்தாலும் பாதை மறையவில்லை. அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு இன்றும் ரயில் ஓடுகிறது.

தென்னிந்திய ரயில்வேயும் 1951இல் தெற்கு ரயில்வேயின் பகுதியானது. அப்போதும் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1இல்.

அடுத்து ஒரு செயல்பாடு. விழுப்புரம், வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர், புதுச்சேரி ஆகிய நிலையங்களை வரைபடத்தில் குறிக்கச் செய்தேன். எந்த இரு நிலையங்களுக்கு இடையே மாநில எல்லை வருகிறது என்று குழுவாகத் தேடினார்கள். அன்று அது இரு நாட்டு ஆட்சிகளுக்கு நடுவிலான எல்லை என்றதும், பயணிகளின் மூட்டைகளைச் சுங்கத்தார் சோதித்திருப்பார்களா என்று அவர்களே கேட்டார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்து வரச் சொன்னேன்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் பள்ளி அருகிலும் ஒரு பாலமோ ஆலையோ வாய்க்காலோ இருக்கும். அதே மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்: நிலம் யாருடையது, கட்டியது யார், நடத்தியது யார்? ஆண்டவர்களே எல்லாவற்றையும் செய்தார்கள் என்ற எண்ணம் அங்கேயே விலகும். தவறாகச் சொல்லிவிட்டால் வகுப்பிலேயே திருத்திக்கொள்ளுங்கள். இப்போது என் மாணவர்கள் நான் சொல்வதைக் கேட்டதும், "எப்படித் தெரியும், டீச்சர்?" என்கிறார்கள். பதில் சொல்ல நானும் முன்னைவிடக் கூடுதலாகப் படித்துவிட்டே வகுப்புக்குப் போகிறேன்.