வானொலியின் வாரமும் வழங்கு தமிழும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தார் தொல்காப்பியர். நிலம் மாறினால் மாந்தர் மாறுவர். பொழுது மாறினால் அவர்தம் தொழிலும் பேச்சும் மாறும். பாடலுக்கு வகுத்த இக்கண் கொண்டு வானொலி நிலையமொன்றின் வார நிகழ்ச்சி நிரலை நோக்கின் என்ன புலப்படும்? நாம் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையத்தை எடுத்துக்கொள்வோம்.

சென்னை நிலையம் 1938 ஜூன் 16இல் தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டு, 1939 மே 16இல், திருச்சி நிலையம் ஒலிக்கத் தொடங்கியது. காவிரிப் படுகை முழுவதும் இதன் செவியெல்லைக்குள் அடங்கியமையால் இது உழவர் நிலையமாகவே வளர்ந்தது எனலாம். செய்தியும் உழவர் நிகழ்ச்சியும் நாள்தோறும் உண்டு. சிறுவர்க்கும் மகளிர்க்கும் இளைஞர்க்கும் தொழிலாளர்க்கும் உரிய நாள்கள் வாரத்துள் தனித்தனியே ஒதுக்கப்பட்டன. இலக்கியப் பேச்சு, நாடகம், நாட்டுப்புறப் பாடல் ஆகியனவும் தத்தம் பொழுது பெற்றன. சனிக்கிழமை இரவில் செவ்விசைக்கென அமைந்த தேசிய நிகழ்ச்சி 1952இல் தொடங்கியது.

இவற்றைப் பொருள்வகை என்று மட்டுமே கருதுவது வழக்கம். இவை மொழிவகையும் ஆகும் என்பதே நம் கருத்து. செய்தித் தமிழ் ஒரு தமிழ். தில்லியிலிருந்து செய்தி வாசித்து, 2022இல் மறைந்த சரோஜ் நாராயணஸ்வாமி அவர்களின் வாசிப்பில் சொற்கள் ஒன்றோடொன்று மயங்காமல் வந்து நின்றதைக் கேட்டோர் அறிவர். இலக்கியப் பேச்சோ எழுதி வைத்துப் படிக்கும் தமிழ். உழவர் நிகழ்ச்சியில் இருவர் உரையாடும்போது அத்தமிழ் செல்லாது. அங்கே நாற்றங்காலும் தாளடியும் அண்டைவெட்டும் வரவேண்டும். வயலில் வழங்கும் சொல்லால்தான் வரவேண்டும். ஒரே ஒலிபெருக்கியின்முன் ஒரு வாரத்துள் இத்தனைத் தமிழும் வந்து போயின. வேறெந்த மேடையில் இது நிகழ்ந்தது?

இதன் பயனுக்கு ஒரு சொல்லே சான்று. 1960களின் நடுவில், குறுவைப் பட்டத்துக்கென ஜப்பானிய நெல்லினத்தையும் நம் நாட்டு நெல்லினத்தையும் இணைத்து ஆடுதுறை ஆய்வு நிலையம் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல்லை வெளியிட்டது. தஞ்சை உழவர் இதனை வானொலி வழி அறிந்தனர். ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டு அழைத்தனர். ஆய்வாளர் தந்த பெயர் எண்ணோடு நிற்க, மக்கள் தந்த பெயர் வழக்கில் நின்றது. காரணப்பெயருக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வகுப்பறையில் கிடைப்பது அரிது.

கேட்போர் வாளா கேட்டிருந்தனர் என்றும் எண்ணற்க. 1956இல் பூனாப் பகுதியில், யுனெஸ்கோ துணையுடன், 150 சிற்றூர்களில் வானொலிக் கேட்போர் மன்றங்கள் அமைத்துச் சோதனை நடத்தப்பட்டது. கேட்டபின் கூடி விவாதிப்பதும் ஐயங்களை நிலையத்துக்கு எழுதுவதும் அம்மன்றங்களின் பணி. அம்முறை 1959இல் நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. எழுதி வந்த வினாவுக்கு விடை சொல்ல வேண்டிய நிலையம், வினவியவரின் சொல்லையும் கற்றாக வேண்டுமன்றோ!

ஒதுக்கீட்டில் பிழையும் நேர்ந்ததுண்டு. 1952இல் திரையிசையை வானொலி ஒடுக்கியபோது கேட்போர் இலங்கை வானொலிக்குத் திரும்பினர். 1957இல் விவித பாரதி பிறந்தது அதன் விளைவே. மக்கள் விருப்பத்தை முற்றும் புறந்தள்ளிய பல்சுவை பல்சுவையாகாது. எனினும் விருப்பம் ஒன்றையே அளவுகோலாக்கினால் நெல்லுக்கும் சிறுவர்க்கும் பொழுதிராது என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

இங்குத் தென்கச்சி கோ. சுவாமிநாதன் அவர்களை நினைவுகூர்வது தகும். அவர் வேளாண்மை பயின்றவர். நெல்லை நிலையத்தில் உழவர் நிகழ்ச்சிப் பணியில் இருந்தவர். ‘இன்று ஒரு தகவல்’ வழியே பின்னர் தமிழகமெங்கும் அறியப்பெற்ற அவரது எளிய நடை உழவரிடம் பேசிப் பழகிய நடையே என்று நாம் கருதுகிறோம். நூலினின்றும் வந்த எளிமை அன்று அது.

ஒரு நிலையத்தின் ஒலிபரப்பையே பிற நிலையங்களும் அஞ்சல் செய்யும் நேரம் பெருகுமானால் செலவு குறையலாம். ஆனால் தஞ்சைச் சொல்லும் நெல்லைச் சொல்லும் ஒலிக்க இடம் எங்கே? எல்லார்க்கும் பொதுவான தமிழ் எவர் வயலுக்கும் உரியதன்று. நாட்டுப்புற நிகழ்ச்சிகளின் ஒலிநாடாக்கள் பல மறுபதிவுக்குப் பயன்பட்டு அழிந்தன. எழுத்துப் படிகள் சில, ஓய்வுபெற்ற ஒலிபரப்பாளர் இல்லங்களில் இருக்கக்கூடும். முதுகலை மாணவர் இருவர் மூவர் குழுவாகச் சென்று அவற்றைப் படியெடுத்தல் வேண்டும். பயிர், நீர், கருவி, கால்நடை பற்றிய சொற்களை நாளும் நிகழ்ச்சியும் குறித்துத் தொகுத்தல் வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் தம் நினைவிலுள்ள சொற்களைப் பொருளோடு சொல்லி உதவினால், கோடை விடுமுறை ஒன்றிலேயே முதற்பட்டியல் உருவாகிவிடும்.