சிறிய ஹெலிகாப்டரும் இரண்டாவது பேட்டரியும்

ரேடியோ அலைகளால் இயக்கப்படும் சிறிய மின்சார ஹெலிகாப்டர் ஒன்று உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே அச்சில் மேலும் கீழுமாக இரண்டு சுழலிகள் எதிரெதிர்த் திசையில் சுழலும் வகை. பழகுபவர்களுக்கு இதுவே ஏற்றது. எடை 200 கிராம். சுழலியின் விட்டம் 34 செ.மீ.; பேட்டரி 7.4 வோல்ட், 800 மில்லி ஆம்பியர்-மணி. ஒருமுறை மின்னேற்றினால் 10 நிமிடம் பறக்கிறது. பத்தே நிமிடந்தானா என்று மனம் சலிக்கிறது. இன்னொரு பேட்டரியையும் சேர்த்துக் கட்டினால் 20 நிமிடம் பறக்குமல்லவா?

பறக்காது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஹெலிகாப்டர் காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று அதை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிதான். 200 கிராம் நிறையின் எடை 1.96 நியூட்டன். சுழலி வரையும் வட்டத்தின் பரப்பு 0.09 சதுர மீட்டர். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம். அடர்த்தியையும் பரப்பையும் பெருக்கி, அதை இரட்டித்து, அதனால் எடையை வகுத்து வர்க்கமூலம் கண்டால், சுழலியின் வழியே காற்று இறங்க வேண்டிய வேகம் கிடைக்கும். நமக்கு அது விநாடிக்கு 3 மீட்டர். எடையை இந்த வேகத்தால் பெருக்கினால் திறன்: ஏறத்தாழ 6 வாட்.

பேட்டரி தருவது எவ்வளவு? 7.4 வோல்ட்டை 0.8 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 5.9 வாட்-மணி. அது 10 நிமிடத்தில் தீர்கிறது என்றால் சுமார் 35 வாட்! தேவை 6, செலவு 35. மீதியை இறக்கைகளின் மீது காற்றின் உராய்வும், பற்சக்கரங்களும், மோட்டாரின் வெப்பமும் விழுங்கிவிடுகின்றன. மேல் சுழலி கலக்கிவிட்ட காற்றிலேயே கீழ்ச் சுழலி வேலை செய்ய வேண்டியிருப்பதும் ஒரு நட்டம்.

இப்போது இரண்டாவது பேட்டரிக்கு வருவோம். அதன் நிறை 45 கிராம் எனில் மொத்தம் 245 கிராம், அதாவது 1.22 மடங்கு. எடை கூடினால் காற்றின் வேகமும் கூட வேண்டும் (எடையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப). இரண்டையும் பெருக்கினால் திறன் 1.36 மடங்காகிறது. சேமித்த ஆற்றல் இரு மடங்கு, செலவு 1.36 மடங்கு. ஆகவே பறக்கும் நேரம் 15 நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. மூன்றாவது பேட்டரி சேர்த்தால் 17 நிமிடம். நான்காவதுக்கு இன்னும் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல், அவ்வளவே. முதல் பேட்டரி 10 நிமிடம் தந்தது என்பதை மறக்க வேண்டாம்.

இதுவும் தாளில் போட்ட கணக்கு. மோட்டாருக்கு இது தெரியாது! அதன் மின்னோட்டம் சுழலியின் முறுக்குவிசைக்கு ஏற்ப உயரும். கம்பிச்சுருளின் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். 1.22 மடங்கு எடைக்கு ஒன்றரை மடங்கு வெப்பம். மூன்று பேட்டரிக்கு இரு மடங்கு. பிளவு வளையத்தின் மேல் தூரிகைகள் உரசும் சிறு மோட்டார் இதை நெடுநாள் தாங்காது. தவிர, மின்னேற்றம் சமமில்லாத இரு லித்தியம் பேட்டரிகளை நீங்களாக இணைத்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெரும் மின்னோட்டம் பாய்ந்து தீப்பிடிக்கவும் கூடும்.

இரண்டாவது பேட்டரியைத் தரையிலேயே வைத்திருங்கள். முதலாவது தீர்ந்ததும் இறக்கி, மோட்டார் ஆறிய பின் மாற்றுங்கள். பத்தும் பத்தும் இருபது!

செவ்வாய்க் கோளிலும் இதே தொல்லைதான். 2021 ஏப்ரல் 19 அன்று அங்கே முதன்முதலாகப் பறந்த நாசாவின் இன்ஜெனுவிட்டி, நம்முடையதைப் போலவே ஒரே அச்சில் இரு சுழலிகள் கொண்ட மின்சார ஹெலிகாப்டர். நிறை 1.8 கிலோகிராம், சுழலி விட்டம் 1.2 மீட்டர். அங்குள்ள காற்றின் அடர்த்தி பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்கு அளவே. மேலே சொன்ன வகுத்தலில் அடர்த்தி கீழே இருப்பதைக் கவனியுங்கள். வேகம் எப்படி எகிறும் என்பது புரியும். மெல்லிய காற்றில் மோட்டார் ஆறுவதும் கடினம். மொத்தம் 72 முறை பறந்த அது ஒருமுறையேனும் மூன்று நிமிடத்தைத் தாண்டியதில்லை. அதன் பறப்பு நேரத்துக்கு வரம்பு கட்டியவற்றுள் மோட்டாரின் சூடும் ஒன்று. 2024 ஜனவரி 18 அன்று இறக்கை சேதமடைந்ததோடு அதன் பறப்பு முடிந்தது.

அப்படியானால் எதைத்தான் மேம்படுத்துவது? பளபளக்கும் அலுமினியப் பாகங்களில் பலருக்கு மோகம். எனக்கு இல்லை. விழுந்தால் மலிவான பிளாஸ்டிக் பாகம் உடைந்து அதிர்ச்சியை அங்கேயே தீர்த்துவிடும், வீட்டு மின்சாரத்தின் ஃபியூஸ் போல. அலுமினியமோ அடியை அப்படியே அச்சுக்குக் கடத்திவிடும். தூரிகையில்லா மோட்டார் நல்லதுதான். ஆனால் அதற்கு வேறு மின்னணுக் கட்டுப்பாட்டுச் சாதனமும் வேண்டும். மோட்டாரை மட்டும் வாங்கிப் பயனில்லை.

காசில்லாத மேம்பாடு ஒன்று உண்டு: இறக்கைகளைச் சமன் செய்தல். நிமிடத்துக்கு 1500 சுற்று சுழலும்போது, அச்சிலிருந்து 10 செ.மீ. தொலைவில் ஒரு பக்கம் 1 கிராம் கூடினால், அது அச்சைச் சுமார் 2.5 நியூட்டன் விசையுடன் பிடித்திழுக்கும். முழு ஹெலிகாப்டரின் எடையே 1.96 நியூட்டன்தானே! ஒரு சோடி இறக்கைகளை ஒரே திருகாணியில் எதிரெதிராக மாட்டி, திருகாணியின் இரு முனைகளையும் இரண்டு டம்ளர்களின் விளிம்பில் வையுங்கள். மேலே எழும் இறக்கையில் செல்லோடேப் துண்டு ஒட்டி, சமமாகும் வரை கத்தரியுங்கள். நடுக்கம் குறைந்தால் திருகுகளும் தளராது.

இனிப் பறக்கவிடலாம். முதலில் கையிலுள்ள ரேடியோ கருவியை இயக்குங்கள். பிறகே பேட்டரியை இணையுங்கள். நிறுத்தும்போது வரிசை தலைகீழ். வால் உங்களை நோக்கி இருக்கட்டும். முகம் உங்களை நோக்கினால் இடமும் வலமும் மாறிப்போகும். தரையை ஒட்டியே தயங்கித் தயங்கி ஏற்றாதீர்கள். தரையில் மோதித் திரும்பும் காற்று அதை அலைக்கழிக்கும். முழங்கால் உயரத்துக்குச் சட்டென ஏற்றினால் அமைதியடையும். மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருந்தால், இரு சுழலிகளின் முறுக்குவிசை சமமில்லை என்று பொருள்; கருவியிலுள்ள சிறு திருத்தியால் சரிசெய்யுங்கள். வெளியிலென்றால் காற்றில்லாத காலை வேளையே நல்லது.

ஏறுவதில் சோர்வு தெரிந்தவுடன் இறக்கிவிடுங்கள். லித்தியம் கலம் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் கெடும், மின்னேற்றும்போது 4.2-ஐத் தாண்டக் கூடாது. உப்பிய பேட்டரியை மீண்டும் தொடவே வேண்டாம்.

இறக்கை எதிலாவது சிக்கினால் உடனே விசையைப் பூச்சியமாக்குங்கள். சுழலாத மோட்டாரில் எதிர் மின்னியக்கு விசை இராது. கம்பிச்சுருளின் சிறு மின்தடை ஒன்றே தடுப்பு. சில விநாடிகளிலேயே கருகிவிடும்.