காயாரோகணரும் கடாரத்துப் பொன்னும்

காஞ்சி காமாட்சி, மதுரை மீனாட்சி, காசி விசாலாட்சி... இந்த வரிசையில் பக்தர்கள் சேர்த்துச் சொல்லும் இன்னொரு பெயர், நாகை நீலாயதாட்சி! அன்னையின் சந்நிதிக்குப் போகிறவர்கள் அந்த ஊரின் பழங்கதையையும் தெரிந்துகொண்டு போனால் தரிசனம் இன்னும் இனிக்கும்.

ஆதிசேஷன் வழிபட்டதால் நாகப்பட்டினம் என்கிறது தலபுராணம். புண்டரீக முனிவரை உடலோடு ஆரத் தழுவி ஈசன் ஏற்றுக்கொண்டதால், சுவாமிக்குக் காயாரோகணர் என்று திருநாமம். தேவாரம் இந்தத் தலத்தைக் காரோணம் என்று அழைக்கிறது. ஆய்வாளர்களோ, குஜராத்தில் காரோகணம் எனப்பட்ட தலத்தில் தோன்றிய பாசுபத சைவம் இங்கே பரவியதன் அடையாளம் இது என்பார்கள். முனிவர் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சற்று நெருடலாம். ஆனால், கரைக்குக் கரை அடியார்கள் பயணப்பட்ட காலத்தை இந்தப் பெயர் காட்டுகிறது அல்லவா?

கடல் வழியே வந்தவர்களில் பௌத்தர்களும் உண்டு. ஸ்ரீவிஜய அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் இங்கே சூளாமணி விகாரத்தை எழுப்பினான். பெரிய கோயில் கண்ட சிவபக்தன் ராஜராஜ சோழன், தன் 21-ஆம் ஆட்சியாண்டில் (1006) ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அந்தப் புத்தர் கோயிலுக்கு எழுதி வைத்தான். பிற்காலத்தில் ஹாலந்து நாட்டு லெய்டன் நகருக்குப் போனதால் 'லெய்டன் பட்டயங்கள்' என்று பெயர் பெற்ற செப்பேடுகள் சொல்லும் செய்தி இது.

பதிலுக்கு அவர்கள் என்ன செய்தார்கள்? காயாரோகணர் கோயில் கல்வெட்டைப் பாருங்கள். ராஜேந்திர சோழன் காலத்தில் கடாரத்து அரசனின் அதிகாரி இந்தச் சிவாலயத்துக்குச் 'சீனக் கனகம்', அதாவது சீனத்துப் பொன் அளித்திருக்கிறார்! அதே ராஜேந்திரன் 1025-ல் கடாரத்தின் மீது படையெடுத்தான் என்பது சரித்திரத்தின் விசித்திரம். ஆனாலும் விகாரம் தப்பியது. 1090-ல் முதலாம் குலோத்துங்கன் அதன் கொடைகளை உறுதிசெய்து மீண்டும் செப்பேடு தந்தான்.

கடலோரத்தில் நின்ற, சீனக் கோபுரம் எனப்பட்ட செங்கல் கோபுரம் 1867-ல் இடிக்கப்பட்டது. அந்தப் பகுதியில் பூமிக்கடியிலிருந்து சுமார் 350 புத்தர் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. பலவற்றைச் சென்னை அருங்காட்சியகத்தில் காணலாம்.

அரசர்கள் கொடுத்தது போகட்டும். இந்த ஊர் மீனவர் அதிபத்த நாயனார், அன்றாடம் வலையில் விழும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டவர். பல நாள் ஒரே ஒரு மீன்தான் அகப்பட்டது. அதையும் விட்டுவிட்டுப் பட்டினி கிடந்தார். ஒருநாள் வந்ததோ பொன் மீன்! அதையும் அலையில் விட்டார். ஆவணி ஆயில்யத்தில் நடக்கும் அவரது விழாவில், இன்றும் நாகை மீனவர்கள் படகேறிக் கடலுக்குள் செல்கிறார்கள்.