வயது வந்தது, வாக்கு வரவில்லை: மாநிலத் தேர்தல்களும் வாக்காளர் பதிவும்

முன்னுரை

வாக்குரிமையை நமக்கு வழங்கியது எது என்று கேட்டால், அரசியலமைப்புச் சட்டம் என்று உடனே பதில் சொல்லிவிடுவோம். பதில் சரியானதே. ஆனால், தேர்தல் நாளன்று வாக்களிப்பு மையத்தில் அமர்ந்திருக்கும் அதிகாரி அரசியலமைப்பைப் புரட்டிப் பார்ப்பதில்லை. அவர் பார்ப்பது வாக்காளர் பட்டியலை. அதில் பெயர் இருந்தால் வாக்குச்சீட்டு கிடைக்கும்; இல்லையென்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

உரிமைக்கும் பட்டியலுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியில்தான் உலகெங்கும் தேர்தல் வழக்குகள் பிறக்கின்றன. நம் நாட்டில் 2019 முதல் 2022 வரை நடந்த 18 வயது வாக்குரிமைப் போராட்டம் அதற்குத் தக்க சான்று. நம்மைப் போன்ற மாணவர்களையே மையமாகக் கொண்ட அந்நிகழ்வை இக்கட்டுரை சுருக்கமாக ஆராய முனைகிறது.

சட்டம் கூறுவது என்ன?

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 119ஆவது விதி வாக்காளரின் தகுதிகளைக் கூறுகிறது. அவர் குடிமகனாக இருக்க வேண்டும். குறிப்பிட்ட வயதை எட்டியிருக்க வேண்டும். தொகுதியில் வசிக்க வேண்டும். அத்தொகுதியின் வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் இருக்க வேண்டும். மக்களவைத் தேர்தல், மாநிலச் சட்டமன்றத் தேர்தல் ஆகிய இரண்டுக்கும் இதே விதிதான். இரண்டையும் நடத்துவதும் 113ஆவது விதியின்படி தேர்தல் ஆணையமே.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மாநிலச் சட்டமன்றங்கள் வெவ்வேறு காலங்களில் கலைக்கப்படலாம். ஆகவே, ஒரு சட்டத்திருத்தம் நடைமுறைக்கு வருவதில் சில மாதங்கள் தாமதம் ஏற்பட்டாலும், அந்த இடைவெளியில் ஏதேனும் ஒரு மாநிலம் தேர்தலைச் சந்தித்துவிடக்கூடும். அப்படித்தான் நடந்தது.

2019ஆம் ஆண்டுத் திருத்தம்

முன்பு வாக்களிக்கும் வயது 21. அந்த வயதை எட்டியவுடன் பெயர் பட்டியலில் ஏறிவிடாது. அஞ்சல் நிலையத்திலோ தேர்தல் ஆணைய அலுவலகத்திலோ பாரத்தைப் பூர்த்தி செய்து தர வேண்டும். பிறகு, காலாண்டுக்கு ஒரு முறை வெளியாகும் துணைப் பட்டியலில் பெயர் வரும்வரை காத்திருக்க வேண்டும். பதிவு செய்யாமலேயே பல தேர்தல்களைக் கடந்துவிட்டவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு.

2019 ஜூலை 16ஆம் நாள் மக்களவை இந்நிலையை மாற்ற முடிவெடுத்தது. 211 உறுப்பினர்கள் ஆதரித்து வாக்களித்தனர், ஒருவரும் எதிர்க்கவில்லை. வாக்களிக்கும் வயது 18 ஆகும், வாக்காளர் பதிவு தானாகவே நடைபெறும் என்பவை அத்திருத்தத்தின் முக்கிய அம்சங்கள். அதே மாதம் மேலவையும் ஒப்புதல் தந்தது. செப்டம்பர் மாதம் அரசிதழிலும் வெளியானது.

இங்கே ஒரு சட்ட நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். சட்டம் நிறைவேறுவது வேறு. நடைமுறைக்கு வருவது வேறு. வயதைக் குறைக்கும் பிரிவும், தானியங்கிப் பதிவுக்கான பிரிவும் எந்த நாளில் நடப்புக்கு வரும் என்பது தனியே அறிவிக்கப்பட வேண்டும். அந்த அறிவிப்பு வரும்வரை, நாடாளுமன்றம் தந்த உரிமை காகிதத்தில்தான் இருக்கும்.

தள்ளிப்போன தேதி

2021 ஜூலை மாதத்திற்குள் இத்திட்டம் செயல்படும் என்று தொடக்கத்தில் எதிர்பார்க்கப்பட்டது. ஆனால், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் பணிகள் பாதிக்கப்பட்டதாகவும், 2022 செப்டம்பர் 1ஆம் நாளுக்குப் பிறகே இதனைச் செயல்படுத்த இயலும் என்றும் தேர்தல் ஆணையம் 2021 மார்ச் மாதம் அறிவித்தது.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். மக்களவை வாக்களித்த அதே நாளில், அதாவது 2019 ஜூலை 16இல், ஒரு மாணவிக்கு 18 வயது நிறைவடைந்தது என்று வைத்துக்கொள்வோம். 2022 ஜூலை 16இல் அவருக்கு 21 வயது ஆகிவிடும். பழைய சட்டப்படியே அவர் வாக்களிக்கலாம்! 18 வயதில் வாக்கு என்ற சட்டத்தால் அவருக்குக் கிடைத்த பயன் ஒன்றுமே இல்லை. அவரைப் போன்றே 18 முதல் 20 வயது வரையிலான சுமார் 12 இலட்சம் இளையோர் அன்று காத்திருந்தனர்.

தேர்தல் ஆணையத்தின் சிக்கலையும் நாம் நியாயமாகப் பார்க்க வேண்டும். தேசியப் பதிவிலாகாவின் தரவுகளைக் கொண்டு பல இலட்சம் பேரைச் சரியான தொகுதியில் சேர்ப்பது எளிய வேலையன்று. அடையாள அட்டையில் ஒரு முகவரி, குடியிருப்பது வேறு முகவரி என்ற நிலை பலருக்கு உண்டு. எனினும், வயதைக் குறைப்பதும் தானியங்கிப் பதிவும் தனித்தனிப் பிரிவுகள். இரண்டாவது தாமதமானால் முதலாவதும் ஏன் காத்திருக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது.

நீதிமன்றத்தில் இளையோர்

அறிவிப்பு வெளியான சில நாள்களிலேயே, உண்டி 18 இயக்கத்தைச் சார்ந்த 18 இளையோர் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு தாக்கல் செய்தனர். சரவாக்கைச் சேர்ந்த ஐந்து இளையோர் கூச்சிங் உயர் நீதிமன்றத்தை நாடினர்.

முதலில் தீர்ப்பு வந்தது கூச்சிங்கில்தான். 2021 செப்டம்பர் 3ஆம் நாள் நீதிமன்றம் மனுதாரர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, வயதைக் குறைக்கும் பிரிவை அவ்வாண்டு டிசம்பர் 31க்குள் நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. அக்டோபர் மாதம் கோலாலம்பூர் உயர் நீதிமன்றமும் மனுதாரர்களின் பக்கமே நின்றது. இறுதியில் 2021 டிசம்பர் 15ஆம் நாள் 18 வயது வாக்குரிமையும் தானியங்கிப் பதிவும் ஒருங்கே நடப்புக்கு வந்தன.

மூன்று நாள் இடைவெளி

வெற்றி கிட்டியது. ஆனால், அந்த வெற்றிக்குள் ஒரு சோகமும் இருந்தது. சரவாக் மாநிலத் தேர்தலின் வாக்களிப்பு நாள் 2021 டிசம்பர் 18. சட்டம் நடப்புக்கு வந்து மூன்றே நாள்கள். தேர்தலுக்கான வாக்காளர் பட்டியல் அதற்கு முன்பே உறுதி செய்யப்பட்டுவிட்டது. கூச்சிங் வழக்கு எந்த வயதினருக்காக நடந்ததோ, அந்த வயதினர் தங்கள் சொந்த மாநிலத் தேர்தலில் வாக்களிக்க முடியவில்லை.

சரவாக் மட்டுமன்று. மக்களவை திருத்தத்தை நிறைவேற்றிய பிறகு, 2020 செப்டம்பர் 26இல் சபாவும், 2021 நவம்பர் 20இல் மலாக்காவும் சட்டமன்றத் தேர்தலைச் சந்தித்தன. ஆக மூன்று மாநிலத் தேர்தல்கள் இளையோர் இல்லாமலே நடந்து முடிந்தன. 2022 மார்ச் 12இல் நடந்த ஜொகூர் தேர்தலில்தான் 18 வயதினர் முதன்முறையாக வாக்களித்தனர்.

அதே ஆண்டு நவம்பரில் 15ஆவது பொதுத் தேர்தல் வந்தது. 2018இல் சுமார் 1 கோடியே 49 இலட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 2 கோடியே 11 இலட்சத்தைத் தாண்டியது. நான்கு ஆண்டுகளில் 62 இலட்சம் பேர் கூடினர். பழைய முறை எத்தனை பேரை வெளியே நிறுத்தி வைத்திருந்தது என்பதை இவ்வெண்ணிக்கை உணர்த்துகிறது.

ஆனால், பட்டியலில் பெயர் ஏறுவது வேறு, வாக்களிக்க வருவது வேறு என்பதையும் ஜொகூர் காட்டியது. அங்கு வாக்களித்தோர் ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் மட்டுமே.

லிக்காஸ் தரும் பாடம்

பட்டியலால் எழும் சிக்கல் பெயர் விடுபடுவது மட்டுமன்று. இருக்கக்கூடாத பெயர் இருப்பதும் சிக்கலே. 1999ஆம் ஆண்டு சபா மாநிலத் தேர்தலில் லிக்காஸ் தொகுதியின் முடிவை, பட்டியலில் ஆவி வாக்காளர்கள் இருந்தனர் என்ற காரணத்தால் கோத்தா கினபாலு உயர் நீதிமன்றம் 2001 ஜூன் மாதம் செல்லாது என அறிவித்தது.

அடுத்த ஆண்டே 1958ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத்தில் 9ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. உறுதி செய்யப்பட்டு அரசிதழில் அறிவிக்கப்பட்ட வாக்காளர் பட்டியலை நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்த இயலாது என்பதே அதன் சாரம். பட்டியலில் குறை இருந்தால், அது பார்வைக்கு வைக்கப்படும்போதே ஆட்சேபிக்க வேண்டும். தேர்தலுக்குப் பிறகு வருந்திப் பயனில்லை.

நாம் செய்ய வேண்டியது

தானியங்கிப் பதிவு வந்துவிட்டதால் இனி நமக்கு வேலையில்லை என்று எண்ணிவிடக் கூடாது. பதிவு தானாக நடக்கும். முகவரி தானாக மாறாது. தோட்டத்தை விட்டு நகருக்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்கள் பலவற்றில், தோட்டமே இல்லாமல் போன பிறகும் அடையாள அட்டையில் மட்டும் அந்தப் பழைய முகவரி நிலைத்திருக்கிறது. வாக்கும் அங்கேயே இருக்கும். வேறு மாநிலத்தில் பயிலும் மாணவரின் நிலையும் இதுவே. பினாங்கில் வீடு, ஜொகூரில் படிப்பு என்றால், வாக்களிக்க வடக்கே பயணப்பட வேண்டும்.

வீடு மாறியவர்கள் முதலில் தேசியப் பதிவிலாகாவில் முகவரியை மாற்ற வேண்டும். ஏற்கனவே பட்டியலில் இருப்பவர்கள் அதன் பிறகு தேர்தல் ஆணையத்திடம் தொகுதி மாற்றத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். முதல் வேலையை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுபவர்கள் பலர். விடுமுறைக்கு வீடு திரும்பும்போது, பெற்றோர், தாத்தா பாட்டி ஆகியோரின் பெயர் எந்தத் தொகுதியில் உள்ளது என்று தேர்தல் ஆணையத்தின் இணையத்தளத்தில் பார்த்துச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

முடிவுரை

18 வயது வாக்குரிமையை நாடாளுமன்றம் ஒருமனதாகத் தந்தது. ஆனால், அது கைக்கு வந்து சேர இரண்டு ஆண்டு ஐந்து மாதங்களும் இரண்டு நீதிமன்றங்களும் தேவைப்பட்டன. சட்டம் ஒரு கதவு என்றால், அரசிதழில் வெளியாகும் தேதியும் பட்டியலும் முகவரியும் அதன் பூட்டுகள். அந்தப் பூட்டுகளைத் திறக்க நம் வயதையொத்த சிலர் நீதிமன்றப் படியேறினர். அவர்களுள் சரவாக் இளையோர் தேடித் தந்த உரிமை, அவர்கள் மாநிலத் தேர்தலுக்கு மூன்று நாள் முன்னர்தான் வந்தது. பலனைத் தாராளமாகப் பெற்றவர்கள் பின்னால் வந்த நாம். அடுத்த சட்டமன்றத் தேர்தல் எப்போது அறிவிக்கப்பட்டாலும், அதற்கு முன்பே நம் பெயர் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது அவர்களுக்கு நாம் செலுத்தும் குறைந்தபட்ச நன்றியாகும்.