உழவன் தசையும் எருதின் தசையும்

உழவுத் தொழில் இரண்டு தேகங்களைக் கொண்டு நடைபெறுவது. ஒன்று உழவனுடைய தேகம்; மற்றொன்று அவன் நுகத்தில் பூட்டும் எருதின் தேகம். இயந்திரங்கள் பெருகிய பின்னும், சிறு நிலம் உடையவர் பலருக்கு இவ்விரண்டுமே மூலதனமாக இருந்து வருகின்றன. சங்கத்தில் கடன் பெற்று ஒரு ஜோடி எருது வாங்கும் அங்கத்தினர் பல்லைப் பார்த்து வயதை அறிகிறார். சுழியைப் பார்த்து நன்மை தீமை கூறுகிறார். கொம்பின் அழகையும் நோக்குகிறார். ஆயினும், அவ்வெருதின் உழைப்பு முழுவதும் எதனால் நடைபெறுகிறதோ அந்தத் தசைகளைப் பற்றி விசாரிப்பவர் சிலரே. நுகத்தடி உராய்ந்து கழுத்துப் புண்பட்ட எருது, மழை பெய்து உழவு தொடங்கும் நாளில் கொட்டிலில் நின்றுவிடுமாயின், உழவுப் பருவம் தவறிப்போகும். கடன் தவணையோ தவறாமல் வந்து நிற்கும். ஆகையால் தசைகளின் அமைப்பை ஒருவாறு அறிந்து கொள்ளுதல் வைத்தியருக்கு மட்டுமன்றி உழவருக்கும் பிரயோஜனமுள்ள கல்வியாகும்.

தசையாவது யாது?

தேகத்திலுள்ள தசைகள் மூவகைப்படும். இருதயத்தின் தசை ஒரு வகை. இரைப்பை, குடல், இரத்தக் குழாய் முதலியவற்றின் சுவர்களில் அமைந்து, நம் விருப்பத்தை எதிர்பாராமல் தொழில் செய்வது மற்றொரு வகை. எலும்புகளைப் பற்றி நின்று, விருப்பத்தின்படி அவற்றை அசைப்பது மூன்றாம் வகை. இதற்கு எலும்புத் தசை என்று பெயர். இப்பாடம் இம்மூன்றாம் வகையைப் பற்றியதாகும். வளர்ந்த மனிதனுடைய உடம்பில் 206 எலும்புகளும், 600-க்கு மேற்பட்ட எலும்புத் தசைகளும் உள்ளன.

தசை என்பது மெல்லிய இழைகள் பல சேர்ந்து கற்றைகளாகி, அக்கற்றைகள் பல சேர்ந்து ஒரு சவ்வினால் மூடப்பட்டிருப்பது. புரி பல சேர்ந்து வடக்கயிறாவதை இதற்கு ஒப்பாகச் சொல்லலாம். தசையின் முனை வெண்மையான உறுதியுள்ள நாணாக மாறி எலும்பில் பதிந்திருக்கிறது. மூளையிலிருந்து நரம்பின் வழியாகக் கட்டளை வந்தவுடன் தசை சுருங்குகிறது, நாண் இழுபடுகிறது, எலும்பு அசைகிறது. தசை சுருங்கும் விதம் 1954-ஆம் வருஷத்தில் தெளிவாக விளக்கப்பட்டது. ஒவ்வோர் இழையினுள்ளும் இருவகைப் புரத நூல்கள் எதிரெதிராக நிற்கின்றன. இரண்டு கைவிரல்களையும் கோத்து உட்செலுத்தினால் கைகள் எவ்வாறு நெருங்குமோ, அவ்வாறே அந்நூல்கள் ஒன்றினூடே ஒன்று நழுவிச் செல்லுகையில் இழையின் நீளம் குறைகிறது.

தசை இழுக்கும், தள்ளாது

முக்கியமாக நினைவில் வைக்க வேண்டுவது ஒன்றுண்டு. தசைக்கு இழுக்கும் சக்தி மட்டுமே உண்டு. தள்ளும் சக்தி இல்லை. ஆதலால் ஒரு மூட்டை மடக்குவதற்கு ஒரு தசையும், நீட்டுவதற்கு அதற்கு எதிரான மற்றொரு தசையும் வேண்டியிருக்கின்றன. இடக்கையால் வலக்கையின் மேற்புயத்தைப் பற்றிக்கொண்டு முழங்கையை மடக்கிப் பார்த்தால், முன்புறத்திலுள்ள இருதலைத் தசை திரண்டு கடினமாவது தெரியும். மேசையின் மேல் உள்ளங்கையை ஊன்றி அழுத்தினால், பின்புறத்திலுள்ள முத்தலைத் தசை திரளும். ஒன்று உழைக்கும்போது மற்றொன்று தளர்ந்து இடங்கொடுக்கிறது. ஒரு மனிதன் சுவரைத் தள்ளும்போதும், உண்மையில் அவனுடைய தசைகள் எலும்புகளை இழுத்தே அத்தொழிலைச் செய்கின்றன.

இருதலைத் தசையின் நாண் முழங்கை மூட்டுக்கு ஏறக்குறைய 2 அங்குலத்துக்கு அப்பால் எலும்பில் பதிகிறது. உள்ளங்கையிலுள்ள பாரமோ அம்மூட்டிலிருந்து சுமார் 14 அங்குல தூரத்தில் இருக்கிறது. ஆகவே 5 கிலோ எடையைக் கையில் தாங்குவதற்கு அத்தசை ஏறக்குறைய 35 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியதாகிறது. இவ்வமைப்பினால் பலம் அதிகமாகச் செலவாயினும், தசை சிறிது சுருங்கினவுடன் கை வெகுதூரம் விரைவாக அசைகிறது.

முதுகெலும்பின் இருபுறமும் உள்ள தசைகளுக்கும் இதே நியாயம் பொருந்தும். அவை முதுகெலும்பை ஒட்டியே நிற்பதால், நெல் மூட்டையைக் கால் மடக்காமல் முதுகை வளைத்துத் தூக்குபவனுடைய முதுகுத் தசைகள் மூட்டையின் எடையைப் போலப் பன்மடங்கு இழுக்க நேரிடுகிறது. தொடையிலும் பிட்டத்திலும் உள்ள தசைகள் மனித உடம்பில் மிகப் பெரியவை. மனிதன் நிமிர்ந்து நிற்பதற்காக அவை அவ்வாறு பெருத்துள்ளன. ஆகவே முழங்காலை மடக்கி உட்கார்ந்து, மூட்டையை மார்போடு அணைத்து, கால்களின் பலத்தால் எழுவதே முறையாகும். பாரம் உடம்பை விட்டு விலக விலக முதுகின் சிரமம் அதிகரிக்கும்.

எருதின் தேகம்

மனிதனுக்கும் எருதுக்கும் தசைகளின் பொது அமைப்பு ஒன்றே. ஆனால் எருது நான்கு கால்களில் நிற்பதால் அளவிலும் இடத்திலும் பல வேறுபாடுகள் உண்டு. எருதின் முன்னங்காலில் முழங்கால் என்று சொல்லப்படுவது உண்மையில் மனிதனுடைய மணிக்கட்டுக்கு ஒப்பானது. பின்னங்காலின் நடுவே பின்புறமாகத் துருத்தி நிற்கும் எலும்பு மனிதனுடைய குதிகாலுக்கு ஒப்பானது. அதற்கு மேலே கயிறுபோல் விறைத்துத் தெரிவது குதிநாணாகும். எருது எப்பொழுதும் இரண்டு விரல்களின் நுனியிலேயே நடக்கிறது. குளம்புகள் அவ்விரல்களின் நகங்களாம்.

முன்னங்காலின் அம்மூட்டுக்கும் பின்னங்காலின் குதிக்கும் கீழே தசை மிகவும் சொற்பம்; பெரும்பாலும் எலும்பும் நாணும் தோலுமே உள்ளன. பருத்த தசைகள் யாவும் மேலே, தேகத்தை ஒட்டி அமைந்திருக்கின்றன. இதனால் காலின் அடிப்பாகம் இலேசாகி, அதை எடுத்து வைப்பது எளிதாகிறது. அன்றியும், கீழ்க்காலில் கத்தி, அரிவாள், கொழு முதலியவற்றால் ஏற்படும் காயம் சிறிதாகத் தோன்றினாலும், நாண் அறுபட்டிருக்குமாயின் எருது நிரந்தரமாக ஊனமாகக் கூடும். நாணுக்கு இரத்த ஓட்டம் குறைவாதலால் அது ஆறுவதற்கு நீண்ட காலம் செல்லும். அத்தகைய காயத்தை மஞ்சளும் சாணமும் வைத்துக் கட்டிவிட்டுச் சும்மா இருத்தல் கூடாது; உடனே கால்நடை வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

மனிதனுக்குக் கழுத்தின் கீழ் இருபுறமும் காறையெலும்பு இருந்து, கையை மார்பெலும்போடு இணைக்கிறது. எருதுக்குக் காறையெலும்பு கிடையாது. அதன் முன்னங்கால்கள் மூட்டின்றித் தசைகளினால் மட்டுமே உடம்புடன் பிணைக்கப்பட்டுள்ளன. இரண்டு தோட்பட்டை எலும்புகளுக்கும் இடையே மார்புக்கூடு தூளியில் கிடக்கும் குழந்தையைப் போலத் தசைகளில் தொங்குகிறது. நிற்கும் எருதின் எடையில் பாதிக்கு மேற்பட்ட பங்கை இம்முன்னங்கால்களே தாங்குகின்றன. வண்டியில் முன்பாரம் அதிகமானால், அவ்வதிகம் முழுவதும் கழுத்தின் வழியாக இத்தசைகளின் மேலேயே இறங்குகிறது.

எருதை முன்னோக்கிச் செலுத்தும் பலம் பெரும்பாலும் பின்தொடையிலும் இடுப்பிலும் உள்ள தசைகளிலிருந்து பிறக்கிறது. அப்பலம் முதுகெலும்பின் வழியாகக் கழுத்துக்கு வந்து, அங்கிருந்து நுகத்தடிக்குச் செல்கிறது. நுகத்தடி திமிலுக்கு முன்னே அமைகிறது. திமில் வெறுங்கொழுப்பு என்று சிலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. கழுத்தையும் தோட்பட்டை எலும்பையும் இணைக்கும் ஒரு தசையே கொழுப்புடன் சேர்ந்து திமிலாகத் திரண்டிருக்கிறது. எருது அடியெடுத்து வைக்குந்தோறும் தோட்பட்டை எலும்பு அசைகிறது. அதனுடன் இத்தசையும் மேலுள்ள தோலும் அசைகின்றன. அசையும் தோலின் மேல் அசையாத கட்டை அழுந்தி உராய்வதனாலேயே நுகப்புண் உண்டாகிறது. மழையில் நனைந்த தோல் இன்னும் விரைவில் புண்படும்.

ஆகையால் நுகத்தடி வழுவழுப்பாகவும், கழுத்தில் படும் இடம் அகலமாகவும் இருத்தல் வேண்டும். குறுகிய கட்டையில் பாரம் முழுவதும் சிறு இடத்தில் தங்கும். அகன்ற கட்டையில் அது பரவி நிற்கும். உயரத்தில் ஒவ்வாத இரண்டு எருதுகளைப் பூட்டினால் நுகம் சாய்ந்து ஒன்றன் கழுத்தை அதிகமாக அழுத்தும். புண்பட்ட எருதை ஆறும்வரை பூட்டாமலிருத்தலே முதல் வைத்தியம்.

எருதுக்கு உண்டு, மனிதனுக்கு அநேகமாக இல்லை என்று சொல்லத்தக்க தசையும் ஒன்றுண்டு. ஈ உட்கார்ந்தவுடன் எருது அவ்விடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து அதை ஓட்டுவதை யாவரும் கண்டிருப்பர். தோலின் அடியில் விரிந்துள்ள மெல்லிய தசையே அதைச் செய்கிறது. மனிதனுக்குக் கழுத்தின் முன்புறம் முதலிய சில இடங்களில் மட்டும் இவ்வகைத் தசை எஞ்சியிருக்கிறது.

இக்கல்வி வளர்ந்த வரலாறு

மனிதனும் மிருகமும் அமைப்பில் ஒத்திருப்பது போலவே வேறுபட்டும் இருப்பதை அறியாமல் அறிஞரும் நெடுங்காலம் தவறினர். இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் புகழ்பெற்று விளங்கிய காலன் என்னும் வைத்தியர், மனித உடலை அறுத்துப் பார்க்க வழக்கம் இடங்கொடாமையால், குரங்கு, பன்றி, எருது முதலியவற்றை அறுத்துப் பார்த்து எழுதினார். அவற்றில் கண்டது மனிதனுக்கும் பொருந்தும் என்று ஆயிரம் வருஷங்களுக்கு மேல் நம்பப்பட்டது. வெசாலியஸ் என்பவர் மனித உடலைத் தாமே அறுத்து ஆராய்ந்து, தசைகளின் படங்களோடு 1543-ஆம் வருஷத்தில் வெளியிட்ட நூலினால் அப்பிழைகள் பல திருத்தப்பட்டன.

நம் தேசத்திலும் இக்கல்வி பழமையானது. சுசுருத சங்கிதை தசைகளை ஐந்நூறு என்று கணக்கிடுவதுடன், உடலை நீரோட்டத்தில் வைத்துப் பதப்படுத்தி உறுப்புக்களை நேரிற் காணும் முறையையும் கூறுகிறது. பிற்காலத்தில் பிணத்தைத் தீண்டலாகாது என்ற எண்ணத்தால் அவ்வழக்கம் அற்றுப்போயிற்று. 1836-ஆம் வருஷத்தில் கல்கத்தா வைத்தியக் கல்லூரியில் பண்டித மதுசூதன குப்தர் அக்கட்டுப்பாட்டை மீறி மனித உடலை அறுத்து ஆராய்ந்தார். மிருக வைத்தியத்தைக் கற்பிக்கும் கல்லூரி சென்னை வேப்பேரியில் 1903-ஆம் வருஷத்தில் தொடங்கிற்று.

உழைப்பும் ஓய்வும்

தசை உழைப்பதற்கு இரத்தம் சர்க்கரைச் சத்தையும் பிராணவாயுவையும் இடைவிடாது கொண்டு வர வேண்டும். செலவாகும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்கே வேலையாக மாறுகிறது. மீதி முக்கால் பங்கு உஷ்ணமாகிறது. ஆதலால் கோடை நடுப்பகலில் உழும் எருது, வெயிலின் உஷ்ணத்தையும் தன் தசையின் உஷ்ணத்தையும் ஒருங்கே தாங்க வேண்டியதாகிறது. விடியற்காலத்தில் பூட்டி, வெயில் ஏறுமுன் அவிழ்த்து, நிழலும் தண்ணீரும் கொடுத்தல் சிக்கனமான முறையாகும். வாயைத் திறந்து மூச்சிரைக்கும் எருதைத் தார்க்குச்சியால் குத்தி ஓட்டுவதில் லாபம் சிறிதுமில்லை.

பழக்கத்தினால் தசையின் இழைகள் தடிக்கின்றன. சும்மா இருந்தால் மெலிகின்றன. கோடை முழுவதும் கட்டுத்தறியில் நின்ற எருதை முதல் மழையன்றே நாள் முழுதும் உழச் செய்தல் தவறு. சில நாட்கள் சிறிது சிறிதாக வேலையை ஏற்ற வேண்டும். இளங்காளைகளின் எலும்பு முனைகள் 3 வயது கடந்தும் முற்றும் முதிர்வதில்லையாதலால், அவற்றைப் பாரவண்டியில் பூட்டலாகாது. தசை வளர்வதற்குப் புரதச் சத்து வேண்டும். வைக்கோலில் அது மிகக் குறைவு. பசுந்தீவனமும் பிண்ணாக்கும் அக்குறையை நிரப்பும்.

தசையைப் பற்றும் கொடிய நோய்

சப்பை நோய் என்பது தசையையே அழிக்கும் நோயாகும். அதன் கிருமி மண்ணில் பல வருஷம் உயிருடன் கிடக்கும். பெரும்பாலும் 6 மாதம் முதல் 2 வயது வரையுள்ள கொழுத்த கன்றுகளையும் கிடாரிகளையும் அது பற்றுகிறது. காய்ச்சலும் நொண்டலும் கண்டு, தொடையிலோ தோளிலோ வீக்கம் தோன்றும். அவ்வீக்கத்தைக் கையால் அழுத்தினால் நறநறவென்று ஒலிக்கும். வேலையால் உண்டாகும் சுளுக்கில் இவ்வொலி இராது. இவ்வொலி கேட்டால் ஒரு நாழிகையும் தாமதியாமல் வைத்தியரை அழைக்க வேண்டும்; பெரும்பாலானவை ஓரிரு நாட்களில் மடிந்துவிடும். இறந்ததைத் தோலுரிக்காமலும் அறுக்காமலும், சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைத்தல் வேண்டும். வருஷந்தோறும் மழைக்காலத்துக்கு முன் தடுப்பூசி போடுதலே தக்க பாதுகாப்பு.

சங்கக் கூட்டத்தில் செய்து பார்க்கத்தக்கவை

முதலாவது: அறுத்த கோழியின் காலில், வெட்டுவாயில் தெரியும் வெண்மையான நாண்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தால், விரல்கள் மடங்குவதும் நீளுவதும் தெரியும். நாணின் தொழில் இதனால் சிறுவருக்கும் விளங்கும்.

இரண்டாவது: ஓர் எருதை மெதுவாக நடத்தி, அதன் தோட்பட்டையின் மேல் கையை வைத்து, எலும்பும் தசையும் தோலின் கீழ் அசைவதை ஒவ்வோர் அங்கத்தினரும் உணர்ந்து பார்ப்பாராக.

மூன்றாவது: தத்தம் நுகத்தடியைக் கொண்டு வந்து, கழுத்தில் படும் இடத்தில் சிராய், முடிச்சு, கூர்விளிம்பு உளவோ என்று தடவிப் பார்த்து, இருப்பின் அங்கேயே தச்சரைக் கொண்டு இழைத்துவிடுவாராக. இதற்கு ஆகும் செலவு அற்பம். உழவுப் பருவத்தில் ஓர் எருது படுத்துவிட்டால் ஆகும் நஷ்டம் பெரிது.