தோமையாரின் எட்டு நாட்கள்

முன்னுரை



மறைக்கல்வித் தேர்வில் "கடவுள் எப்படிப்பட்டவர்?" என்ற வினா வந்தால் நாம் தயங்குவதில்லை. அவர் நல்லவர், எல்லாம் வல்லவர், சொன்ன சொல் தவறாதவர் என்று மூன்று வரிகளில் எழுதி முழு மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறோம். ஆனால் அதே வினாவை வாழ்க்கை நம்மிடம் கேட்கும்பொழுது பேனா ஓடுவதில்லை.

இந்த ஆண்டு எங்கள் வகுப்புக்கு அப்படி ஒரு வேளை வந்தது. எங்கள் தோழி ஒருத்தியின் தாயார் கடும் நோயுற்றார். வகுப்பு முழுவதும் மதிய இடைவேளையில் சிற்றாலயத்தில் கூடி ஒன்பது நாள் நவநாள் செபித்தோம். இந்து, இஸ்லாமியத் தோழியரும் எங்களோடு வந்து கைகுவித்து நின்றனர். நவநாள் முடிந்த மறுவாரம் அந்தத் தாயார் இறந்துபோனார்.

சில நாட்கள் கழித்துத் தோழி பள்ளிக்குத் திரும்பினாள். காலைச் செபத்தின்போது அவள் உதடுகள் அசையவில்லை. ஏன் என்று கேட்டோம். "நாம் எல்லாரும் கேட்டோமே, அது அவர் காதில் விழவில்லையா? அவர் இருக்கிறாரா என்றே எனக்குத் தெரியவில்லை" என்றாள். "அப்படிப் பேசாதே, பாவம்" என்று எங்களில் சிலர் அவளைக் கடிந்துகொண்டோம். உண்மையைச் சொல்வதானால், அவள் கேட்ட கேள்வி எங்கள் உள்ளத்திலும் இருந்தது. அதனால்தான் எங்களுக்கு அவ்வளவு கோபம் வந்தது.

ஐயம் எழும் காலத்தில் இறைவனின் பிரமாணிக்கத்தை நம்புவது எப்படி? அதன்பின் நாங்கள் தேடிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறோம்.

பரங்கிமலை தரும் பாடம்

செங்கற்பட்டிலிருந்து சென்னைக் கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயிலில் ஏறினால், தாம்பரத்தைக் கடந்து சிறிது நேரத்தில் பரங்கிமலை நிலையம் வரும். அங்கே ஏறத்தாழ 300 அடி உயரமுள்ள குன்றின்மேல் புனித தோமையார் திருத்தலம் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு உருவான நமது செங்கற்பட்டு மறைமாவட்டத்தைச் சேர்ந்தது அது. தோமையார் கி.பி. 52-இல் மலையாளக் கரையில் வந்து இறங்கினார் என்பதும், கி.பி. 72-இல் இந்தக் குன்றில் ஈட்டியால் குத்தப்பட்டு மறைசாட்சியானார் என்பதும் நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லிவரும் மரபு. 1547-இல் போர்த்துகீசியர் இங்கே அடித்தளம் தோண்டியபொழுது கண்டெடுத்த கற்சிலுவை இன்றும் பீடத்தில் உள்ளது. அதைச் சுற்றிப் பழைய பாரசீக நாட்டுப் பகலவி எழுத்துகள் செதுக்கப்பட்டுள்ளன.

மறைக்கல்வி வகுப்பின் சார்பில் நாங்கள் அங்கே திருயாத்திரை சென்றோம். படியேறி வந்த களைப்பில் அமர்ந்திருந்தபொழுது எங்கள் அருட்சகோதரி ஒரு கேள்வி கேட்டார். "தோமையார் சந்தேகப்பட்டார் என்று எல்லாரும் சொல்கிறீர்கள். எத்தனை நாள் சந்தேகப்பட்டார்?" எங்களுக்கு விடை தெரியவில்லை. யோவான் நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னார்.

உயிர்த்த ஆண்டவர் முதன்முறை சீடர்களுக்குத் தோன்றியபொழுது தோமையார் அங்கே இல்லை. மற்றவர்கள் நடந்ததைச் சொன்னார்கள். ஆணிகளால் ஏற்பட்ட தழும்பைக் கண்டு, அதில் விரலை இட்டுப் பார்த்தாலன்றி நம்பமாட்டேன் என்று அவர் கூறிவிட்டார். ஆண்டவர் மறுநாளே வந்துவிடவில்லை. எட்டு நாட்கள் கழித்தே வந்தார். அந்த எட்டு நாட்களும் மற்றவர்கள் மகிழ்ச்சியில் இருக்க, தோமையார் மட்டும் ஐயத்தோடு இருந்தார்.

அந்த எட்டு நாட்களைப் பற்றி நாம் சிந்திப்பதே இல்லை. எட்டாம் நாளில் தோமையார் எங்கே இருந்தார்? மற்றச் சீடர்களோடு அதே வீட்டில் இருந்தார். நம்ப முடியவில்லை என்பதற்காக அவர் கூட்டத்தை விட்டு ஓடிவிடவில்லை. அதுபோலவே, நம்பாதவனுக்கு இங்கே இடமில்லை என்று மற்றவர்களும் அவரைத் துரத்திவிடவில்லை. பூட்டிய கதவுகளைக் கடந்து ஆண்டவர் வந்தார். வந்ததும் தோமையாரைத் தண்டிக்கவில்லை. தம் தழும்புகளையே அவருக்குக் காட்டினார். காணாமல் நம்புவோர் பேறுபெற்றோர் என்று மெல்லத் திருத்தினார். தோமையாரின் வாயிலிருந்து வந்தது, இயேசுவை ஆண்டவராகவும் கடவுளாகவும் அறிக்கையிட்ட பெரும் சான்று!

இதைக் கேட்டதும் எங்கள் தோழியைக் கடிந்துகொண்டவர்கள் தலைகுனிந்தோம். சீடர்கள் எட்டு நாள் பொறுத்தார்கள். நாங்கள் எட்டு நிமிடம்கூடப் பொறுக்கவில்லை.

கடல் எழுந்த காலை

நம் பகுதியினருக்கு ஐயம் என்பது ஏட்டில் படிக்கும் பாடம் அன்று. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுமத்திராவுக்கு அப்பால் கடலடியில் 9.1 அளவில் நிலம் அதிர்ந்தது. காலை ஒன்பது மணியையொட்டி ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். நாங்கள் அப்பொழுது பிறக்கவில்லை. ஆனால் கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரையுள்ள குப்பங்களில் அந்த நாளை மறந்த பெரியவர் ஒருவரும் இல்லை.

அங்கே வாழும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டியாரிடம் நாங்கள் பேசினோம். அவர் அன்று தம் தம்பியை இழந்தவர். "அன்னிக்கு ஆண்டவர் எங்கே போனார்னு நானும் கேட்டேன் கண்ணுங்களா. இன்னி வரைக்கும் எனக்குப் பதில் தெரியாது. ஆனா கேக்கறதுக்கு எனக்கு வேற யாரு இருக்கா? அதான் அவரையே கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார். ஒவ்வொரு மாலையும் ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கேட்கிறாராம். ஐயத்தையும் இறைவனிடமே கொண்டுபோனால் அதுவும் ஒரு செபமாகிவிடுகிறது என்பதை எங்களுக்குக் கற்பித்தவர் அந்தப் பாட்டியாரே.

துன்பம் வந்தால் பாவத்தின் தண்டனை என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்ததைக் குறித்து இயேசு பேசியபொழுது, இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் இதைக் காணலாம். ஆகவே துயருற்றோரை நம் சொல்லால் மேலும் புண்படுத்தலாகாது.

அந்த அலைக்குப் பின் மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் மணல் விலகி ஒரு கல்வெட்டு வெளிப்பட்டது. அதைக் கண்டு 2005-இல் தொல்லியல் துறையினர் தோண்டிப் பார்த்தபொழுது, பழைய முருகன் கோவில் ஒன்றின் செங்கல் அடித்தளம் கிடைத்தது. எத்தனையோ நூற்றாண்டுகள் அதன்மேல் மக்கள் நடந்திருப்பார்கள். அங்கே ஒன்றும் இல்லை என்றே எண்ணியிருப்பார்கள். நாம் காணவில்லை என்பதால் அடித்தளம் இல்லாமற் போய்விடவில்லை. இழந்த உயிர்களுக்கு இது ஈடாகாது. ஆயினும் கண்ணுக்கு மறைந்திருக்கும் இறைவனின் பிரமாணிக்கத்தைப் பற்றி எண்ணும்பொழுது எங்களுக்கு அந்தச் செங்கற்களே நினைவுக்கு வருகின்றன.

அன்னையின் இருள்

நம்பிக்கை குறைந்தவர்களுக்குத்தான் ஐயம் வரும் என்று நாம் எண்ணுகிறோம். அன்னை தெரேசாவின் வாழ்வு அதை மறுக்கிறது. கல்கத்தாவில் நம்மைப் போன்ற மாணவியருக்கு ஆசிரியையாக இருந்தவர் அவர். 1946-இல் இறைவனின் அழைப்பைத் தெளிவாக உணர்ந்தார். 1950-இல் அவரது சபை தொடங்கியது. அந்தப் பணி தொடங்கிய காலந்தொட்டே, இறைவன் தம் அருகில் இருப்பதை உணர முடியாத உள்ளிருள் அவரைச் சூழ்ந்தது. 1997-இல் இறக்கும்வரை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அது நீடித்தது. 2007-இல் அவருடைய கடிதங்கள் நூலாக வந்தபொழுதே உலகம் இதை அறிந்து வியந்தது.

அந்த இருளிலும் அவர் நாள்தோறும் திருப்பலியில் பங்கேற்றார். தெருவோரத்தில் கிடந்தவர்களைத் தூக்கி எடுத்தார். 2016-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. ஆகவே மனத்தில் உணர்ச்சி இல்லை என்பதும் விசுவாசம் இல்லை என்பதும் ஒன்றல்ல.

இறைவன் தந்த வாக்கு எது?

எங்கள் நவநாள் வீண்தானா? இந்தக் கேள்விக்கு நாங்கள் கண்ட விடை கெத்சமனித் தோட்டத்தில் இருக்கிறது. துன்பக் கிண்ணம் தம்மை விட்டு அகலவேண்டும் என்று இறைமகனே வேண்டினார். அது அகலவில்லை. சிலுவையில், தந்தை தம்மைக் கைவிட்டதேன் என்று கதறவும் செய்தார். ஆயினும் மூன்றாம் நாள் தந்தை அவரை உயிர்ப்பித்தார். கேட்டதெல்லாம் கிடைக்கும் வழியில் தந்தையின் பிரமாணிக்கம் வரவில்லை. சாவையும் கடந்து வந்தது.

அலை எழாது என்றோ, அம்மா இறக்கமாட்டார் என்றோ இறைவன் நமக்கு வாக்குத் தரவில்லை. உலகம் முடியும்வரை நம்மோடு இருப்பதாகவே வாக்களித்தார். நாம் உண்மையற்றவர்களானாலும் அவர் உண்மையுள்ளவராகவே நிலைத்திருப்பார் என்று திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் திருமுகம் கூறுகிறது. நாம் அவரைப் பற்றியிருக்கும் பிடி தளர்ந்தாலும், அவர் நம்மைப் பற்றியிருக்கும் பிடி தளர்வதில்லை.

நாம் செய்யவேண்டியவை

முதலாவது, ஐயத்தை மறைக்கவேண்டாம். பெற்றோரிடமோ, அருட்சகோதரியிடமோ, பங்குத்தந்தையிடமோ மனம்விட்டுப் பேசுவோம். தானாக எழும் ஐயம் வேறு, வேண்டுமென்றே வளர்த்துக்கொள்ளும் ஐயம் வேறு என்று திருச்சபையின் மறைக்கல்வியும் பிரித்துக் கூறுகிறது.

இரண்டாவது, கூட்டத்தை விட்டு விலகவேண்டாம். செபிக்க முடியாவிட்டாலும் செபிப்பவர்கள் நடுவே அமர்ந்திருப்போம். தோமையார் அந்த வீட்டை விட்டுப் போயிருந்தால் எட்டாம் நாளைக் கண்டிருப்பாரா?

மூன்றாவது, ஐயப்படுபவரை ஒதுக்கவேண்டாம். அவருக்கு அருகில் நமக்கு ஓர் இடம் இருக்கட்டும். அறிவுரை பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

முடிவுரை

யோவான் நற்செய்தியின் அடுத்த அதிகாரத்தில் தோமையார் மீண்டும் வருகிறார். பேதுருவோடு படகேறி மீன்பிடிக்கச் செல்கிறார். இரவு முழுதும் ஒன்றும் அகப்படவில்லை. விடியற்காலையில் கரையில் ஆண்டவர் நிற்கிறார். ஆனால் அவர்தாம் என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. நம் கடற்கரை மக்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவேண்டியதில்லை. வெறும் வலையோடு திரும்பும் நாளிலும் கரை நமக்காகக் காத்திருக்கிறது.

எங்கள் தோழி இன்னும் காலைச் செபத்தில் வாய் திறப்பதில்லை. நாங்களும் இப்பொழுது அவளைக் கேட்பதில்லை. அவளுடைய பங்கையும் சேர்த்து நாங்கள் சொல்கிறோம். சென்ற மாதம் அவள் தாயாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டபொழுது, அவள் எங்கள் நடுவில் வந்து முழந்தாளிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு இது எத்தனையாம் நாளோ நாங்கள் அறியோம். எட்டாம் நாள் வரும் என்பதை மட்டும் அறிவோம். அதுவரை அவளோடு அந்த வீட்டில் காத்திருப்போம்.

பத்தாம் வகுப்பு மாணவி